வீடு மாறிப் போன குழந்தை: தொடர் ஆய்வுகளில் விடுபடுபவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு வாசல், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கோடியில் இரண்டு கக்கூஸ். ஐந்தாம் வாசலில் இருந்த குழந்தைக்கு ஒன்றரை வருஷம் முன்னால் உயரமும் எடையும் எடுத்திருந்தோம். திரும்பப் போனபோது அந்த வாசலில் வேறு யாருடைய செருப்போ கிடந்தது. வீட்டுக்கார அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்: "அவிய போன தையிலயே காலி பண்ணீட்டாங்கம்மிணி. பல்லடத்துப் பக்கம் கம்பெனி மாறிட்டாங்கன்னு ஒருத்தரு சொல்றாரு, சொந்த ஊருக்கே போயிட்டாங்கன்னு இன்னொருத்தரு சொல்றாரு. நெம்ப நல்ல புள்ள."

என்னோடு வந்த பெண் டேப்லெட்டில் 'குடும்பம் இடம் மாறியது' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள். அன்று முடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் ஒன்பது இருந்தன.

ஒரே குழந்தைகளைப் பல வருஷம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வுகளுக்கு இது தீராத நோய். முதல் சுற்றில் ஆயிரம் குழந்தை, அடுத்த சுற்றில் எண்ணூற்றுச் சொச்சம், அதற்கடுத்து எழுநூறு. மிச்சம் இருப்பவர்களை மட்டும் வைத்து "கொங்கு நாட்டுக் குழந்தைகள் இப்படி வளர்கிறார்கள்" என்று எழுதினால், அது யாரைப் பற்றிய கதை? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். சில வருஷம் இந்தப் பக்கம் களமேற்பார்வை பார்த்தவள் என்ற முறையில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கம்ப்யூட்டரில் செய்கிற திருத்தங்களைவிட எனக்கு பஸ் டிக்கெட்டில் நம்பிக்கை அதிகம்.

யார் தொலைகிறார்கள்

ஏழைகள்தான் தொலைவார்கள் என்று பொதுவாக நினைப்பார்கள். பாதி உண்மை. பனியன் கம்பெனி வேலைக்கு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்களும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் ஆர்டர் குறைந்தால் வீடு மாறுவார்கள். வாடகை ஏறினாலும் மாறுவார்கள், பக்கத்து வாசலோடு தண்ணீர்ச் சண்டை வந்தாலும் மாறுவார்கள். சோமனூர், பல்லடம் தறிக்காரர்களும், செங்கல் சூளைக்காரர்களும், கரும்பு வெட்ட வந்தவர்களும் அப்படித்தான். குழந்தையும் தூக்குச்சட்டியும் கேஸ் அடுப்பும் ஒரே குட்டியானையில் ஏறிப் போய்விடும்.

இன்னொரு கூட்டம் எங்கும் போவதில்லை, கதவைத்தான் திறப்பதில்லை. கோயம்புத்தூரில் செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கும் அபார்ட்மென்ட்காரர்கள், காங்கேயம் தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருப்பவர்கள். முதல் தடவை அங்கன்வாடி டீச்சரோடு போனதால் முகதாட்சண்யத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை எல்.கே.ஜி. வேனில் ஏற ஆரம்பித்ததும் "எங்களுக்கு இதெல்லாம் வேண்டாமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார்கள். காபி கொடுத்துவிட்டுத்தான் மறுப்பார்கள், மறுப்பு மறுப்புதான்.

ஆக, வரிசையின் இரண்டு முனையிலும் ஆள் குறைகிறார்கள். இதில் ஒரு வம்பு இருக்கிறது. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் கொஞ்சம் ஒரு பக்கம் தொலைந்து, நன்றாக வளர்ந்த குழந்தைகள் கொஞ்சம் இன்னொரு பக்கம் தொலைந்தால், சராசரி ஏறக்குறைய சரியாகவே வந்துவிடும். அறிக்கை எழுதுகிறவர் "விடுபடலால் பெரிய பாதிப்பில்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாகப் போவார். ஆனால் இரு முனைக்கும் இடையிலுள்ள தூரம் தாளில் சுருங்கியிருக்கும். சராசரி தப்பிக்கும், இடைவெளி மாட்டிக்கொள்ளும். குழந்தைகளைப் பல வருஷம் தொடர்வதே பெரும்பாலும் அந்த இடைவெளி எப்போது தொடங்குகிறது என்று பார்க்கத்தானே?

இன்னொரு இழப்பு ஆய்வு தொடங்கும் முன்பே நடந்துவிடும். நம் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ சீர் செய்து கூட்டிப் போனால், குழந்தையோடு திரும்பி வர மூன்று மாசம், ஐந்து மாசம்கூட ஆகும். நாம் பட்டியல் எடுக்கப் போகும்போது புருஷன் வீட்டில் "ஊருக்குப் போயிருக்கா" என்பார்கள். அம்மா வீட்டில் "அவ இங்க விருந்தாளிதானுங்க" என்பார்கள். இரண்டு வீட்டுப் பட்டியலிலும் குழந்தை இல்லை. இப்படி விடுபடுவது பெரும்பாலும் முதல் குழந்தைகள் என்பதால், மிச்சமிருக்கும் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது குழந்தைகளின் பங்கு ஏறிப்போகும். கர்ப்பம் பதிவான எண்ணை வைத்துச் சுகாதார நிலையத்திலிருந்து பட்டியலைத் தொடங்கினால் இது பெருமளவு தீரும். வீடு வீடாகத் தொடங்கினால் தீராது.

இறப்பையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தை இறந்துபோய்க் குடும்பம் இடம் மாறியிருக்கும். பக்கத்து வீட்டில் சொல்ல மாட்டார்கள். நாம் 'இடம் மாறியது' என்று தட்டிவிட்டு வருவோம். இறப்பு விடுபடல் அல்ல. அந்த ஆய்வு கண்டறிய வந்த முடிவுகளிலேயே பெரியது அது. இரண்டையும் ஒரே குறியீட்டில் போடுகிற படிவத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு போனால் ஆபத்து

அளவு மட்டும் வைத்துப் பயப்படக் கூடாது. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய குடும்ப வருமானத் தொடர் ஆய்வில் 1989-க்குள் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள். ஆனாலும் 1998-இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் குடைந்து பார்த்தபோது முடிவுகள் பெரிதாகக் கோணவில்லை. கணக்கு எளிது: பிழை என்பது போனவர்களின் பங்கை, போனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் வருவது. வித்தியாசம் இல்லையென்றால் பாதிப் பேர் போனாலும் ஒன்றுமில்லை.

ஆனால் குழந்தைகள் விஷயத்தில் வித்தியாசம் இல்லாமல் இருப்பது அபூர்வம். பிரிட்டனில் 2000–2002-இல் பிறந்த குழந்தைகளைத் தொடரும் மில்லேனியம் ஆய்வு ஒன்பது மாசக் கைக்குழந்தைகளோடு தொடங்கியது. அப்போது 18,552 குடும்பங்கள். மூன்று வயதில் 15,590. பதினான்கு வயதில் 11,726. பணமும் ஆளும் முகவரிப் பதிவும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. டெல்லியில் 1969–72-இல் தொடங்கிய பிறப்புத் தொடர் ஆய்வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அவர்கள் முப்பதை ஒட்டியபோது பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவுதான். அதிலும் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. பெண்கள் கல்யாணமாகி ஊர் மாறிப் போகிற நாட்டில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் இருபத்தெட்டு வயதுப் பெண்களின் சர்க்கரை நோய் பற்றி அந்தத் தரவை வைத்துப் பேசும்போது, பேச்சில் இருப்பவர்கள் பிறந்த ஊரின் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு

வைத்தியங்களை ஒப்பிட ஒரே நோயாளி வேண்டும். ஆகவே ஒரு கணக்கு போடுகிறேன். இது முழுக்க என் கற்பனை, எந்த ஆய்வும் அல்ல. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வதால், எண்களை அதை ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு வயதில் 1,000 குழந்தைகள். ஐந்து வயதில் திரும்பப் போனால் 700 பேர் கிடைக்கிறார்கள். அதில் 140 பேர் குள்ளம், அதாவது 20 சதவீதம். 200 பேர் ஊர் மாறிவிட்டார்கள். நமக்குத் தெரியாது, ஆனால் அவர்களில் 80 பேர் குள்ளம். 100 பேர் மறுத்துவிட்டார்கள். அவர்களில் 10 பேர் குள்ளம். எல்லாரையும் சேர்த்தால் 230, உண்மை 23 சதவீதம்.

கிடைத்தவர்களோடு முடித்துக்கொள்வது

பலரும் செய்வது இதைத்தான், சொல்லாமல் செய்வார்கள். விடை 20 சதவீதம். உண்மையில் மூன்று புள்ளி குறைவு. செலவில்லை, கணக்கு சுத்தமாக இருக்கும், கட்டுரை சீக்கிரம் வரும். போனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முதல் சுற்றுத் தரவைக் கொண்டு ஒரு அட்டவணையாவது போட்டுக் காட்டினால் நான் மன்னித்துவிடுவேன். அதையும் செய்யாதவர்கள்தான் அதிகம்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: கடைசியாக எடுத்த அளவையே இந்தச் சுற்றுக்கும் போட்டுக்கொள்வது. வளர்கிற குழந்தைக்கு இரண்டு வயது உயரத்தை ஐந்து வயதிலும் போட்டால் எல்லாரும் குள்ளம்தான். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

மாற்றுக் குழந்தை

இந்த வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் அதே வயதுக் குழந்தையை எடுத்துக்கொள். களத்தில் இருப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த வழி, ஏனென்றால் எண்ணிக்கை குறையாது, பில் பாஸாகும். மேலதிகாரிக்கும் பிடிக்கும்: 1,000 கேட்டார், 1,000 வந்தது.

எனக்கு இதைக் கண்டாலே ஆகாது. பக்கத்து வீட்டில் கிடைத்த குழந்தை கிடைத்த வகைக் குழந்தை. கிடைக்காத வகைக்கு அது எப்படி மாற்றாகும்? அந்தக் குழந்தைக்கு முதல் சுற்று அளவும் இல்லை. தொடர் ஆய்வில் தொடர்ச்சியே இல்லாத ஒரு வரி அது. எல்லாவற்றையும்விட மோசம், ஓட்டை அடைபட்டதுபோல் தெரிவதால் பின்னால் வருகிறவருக்கு அங்கே ஓட்டை இருந்ததே தெரியாது.

புதிதாக ஆள் சேர்ப்பது எல்லாமே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். மில்லேனியம் ஆய்வில் முதல் சுற்றில் தகுதி இருந்தும் பட்டியலில் வராமல் போன 692 குடும்பங்களை மூன்று வயதுச் சுற்றில் தேடிச் சேர்த்தார்கள். அது பட்டியலின் குறையைச் சரிசெய்தது, தொலைந்தவருக்குப் பதில் ஆள் வைத்தது அல்ல. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2004–05-இல் பார்த்த குடும்பங்களில் 83 சதவீதத்தை 2011–12-இல் திரும்பப் பார்த்தது. நகரங்களில் இழப்பு அதிகம் இருந்த இடங்களில் புதுக் குடும்பங்களையும் சேர்த்தது. ஊரின் இன்றைய நிலையைச் சொல்ல அது உதவும். அன்றைய குழந்தை என்ன ஆனது என்று சொல்ல உதவாது.

எடை போடுவதும் இட்டு நிரப்புவதும்

இப்போது புள்ளியியல்காரர்களின் இரண்டு செல்லப்பிள்ளைகள். இவற்றைச் சேர்த்தே பேசுகிறேன், ஏனென்றால் உடம்பு வேறு, உயிர் ஒன்று.

எடை போடுவது என்றால்: முதல் சுற்றில் தெரிந்த விவரங்களை வைத்து யார் தங்குவார்கள், யார் போவார்கள் என்று கணிப்பது, போகக்கூடிய வகையில் இருந்தும் தங்கியவருக்கு அதிக எடை கொடுப்பது. லைன் வீட்டில் மூன்று குடும்பம் இருந்து இரண்டு போய்விட்டால், மிச்சமிருக்கும் ஒன்று மூன்றுக்கும் சேர்த்துப் பேசும். நம் கணக்கில், போன 200 பேரும் லைன் வீட்டுக்காரர்கள், அதே மாதிரி வீட்டிலிருந்து தங்கிய 100 பேரில் 30 பேர் குள்ளம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற 600 பேரில் 110. மறுத்த 100 பேரும் இந்த 600 பேரின் வகையறா. எடை போட்டால் லைன் வீட்டு 300-க்கு 90, மற்ற 700-க்கு 128. கூட்டினால் 218, கிட்டத்தட்ட 21.8 சதவீதம். 20-இலிருந்து 23-ஐ நோக்கிப் பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிட்டது. செலவோ ஒரு ஆளின் ஒரு வாரச் சம்பளம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பேரம்.

மீதித் தூரம் ஏன் வரவில்லை? லைன் வீட்டில் தங்கியவரும் அங்கிருந்து போனவரும் ஒரே மாதிரி என்று நாம் வைத்துக்கொண்டோம். தங்கியவர்களில் 30 சதவீதம் குள்ளம், போனவர்களில் 40. வேலை நின்றதால் போனார்களா, குழந்தைக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் அம்மா வீட்டுக்கே போய்விட்டாளா என்பது முதல் சுற்றுப் படிவத்தில் இருக்காது. குழந்தையின் உடல்நிலையே போனதற்குக் காரணம் என்றால், எந்த எடையும் அதைக் கண்டுபிடிக்காது. மறுத்தவர்கள் பக்கம் தப்பு எதிர்த்திசையில் நடக்கிறது: அவர்களில் 10 பேர்தான் குள்ளம், நாம் 18 என்று போட்டுவிட்டோம். இரண்டு தப்பும் ஒன்றையொன்று கொஞ்சம் அடித்துக்கொண்டதால்தான் விடை இவ்வளவு அழகாக வந்தது. இடம் மாறியவர், மறுத்தவர் இருவரையும் 'விடுபட்டவர்' என்ற ஒரே மூட்டையில் கட்டி எடை போடுகிறவர்களுக்கு இந்த அடிபிடி தெரியவே தெரியாது.

இட்டு நிரப்புவது டொனால்ட் ரூபின் 1987-இல் முழு நூலாக வகுத்துக் கொடுத்த வழி: காலியிடத்தில் ஒரே எண்ணைப் போடாமல், தெரிந்ததை வைத்துப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறாக நிரப்பி, அந்தப் பல விடைகளின் சிதறலையும் பிழையளவில் சேர்த்துக்கொள்வது. போனவர்கள், தெரிந்த விவரங்களில் அவர்களை ஒத்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்ற அனுமானம் இதற்கும் உண்டு. அனுமானம் பொய்த்தால் இரண்டும் சேர்ந்தே கவிழும்.

ஆனால் ஒரு இடத்தில் நிரப்புதல் தெளிவாக ஜெயிக்கிறது: ஒரு சுற்றுக்கு வராமல் அடுத்த சுற்றில் திரும்பி வருகிற குழந்தை. சின்னக் குழந்தைகளில் இது நிறைய. இரண்டு வயதில் அம்மாயி வீட்டில் இருந்தது, நான்கு வயதில் திரும்பி வந்தது. முன்னும் பின்னும் அளவு இருக்கிறது, இடையில் அங்கன்வாடி எடைப் பதிவேட்டில் சில மாசமாவது இருக்கும். அப்போது நடுவிலுள்ள ஓட்டையை நிரப்புவது யூகம் அல்ல, நியாயமான கணிப்பு. ஒரேயடியாகப் போனவருக்கு எடை. போய்ப் போய் வருபவருக்கு நிரப்புதல். இப்படிப் பிரித்துச் செய்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

யார் கிடைத்தார்கள், யார் கிடைக்கவில்லை என்பதால் வரும் பிழையைச் சமன்பாட்டாலேயே திருத்தும் முறை ஒன்றும் இருக்கிறது, பொருளாதார அறிஞர் ஹெக்மனுடையது. 1979-இல் எழுதினார், 2000-இல் நோபல் வாங்கினார். அது வேலை செய்ய, ஆள் கிடைப்பதைப் பாதிக்கிற, ஆனால் குழந்தையின் உயரத்தைப் பாதிக்காத ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் கள ஆளை அனுப்புவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்திருந்தால் கிடைக்கும். நம் ஊரில் யார் வீடு பக்கமோ அவரைத்தான் அனுப்புகிறோம்.

வேலி போடுவது

போனவர்கள் எல்லாரும் குள்ளம் என்றால் என்ன, ஒருவரும் குள்ளம் இல்லை என்றால் என்ன? நம் கணக்கில் 14 சதவீதத்திலிருந்து 44 சதவீதம் வரை. நேர்மையான விடை, உபயோகமில்லாத விடை. அமைச்சர் முன்னால் "பதினாலுக்கும் நாப்பத்திநாலுக்கும் நடுவுல எங்கியோ" என்று சொல்லிவிட்டு வர முடியாது. ஆனாலும் அறிக்கையின் ஒரு மூலையில் இது இருக்க வேண்டும் என்பேன். வேலி இவ்வளவு அகலம் என்று தெரிந்தால்தான், எடை போட்டு வந்த 21.8 எவ்வளவு அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பது புரியும். ஒரு திட்டம் பெற்ற கிராமம், பெறாத கிராமம் என்று ஒப்பிடும்போது, இரண்டிலும் இழப்பு வேறுவேறு என்றால் 2009-இல் பொருளாதார அறிஞர் டேவிட் லீ கொடுத்த குறுகலான வேலி நல்ல துணை: அதிகம் பேர் தங்கிய பக்கத்தில் கூடுதலாக இருக்கும் பங்கை ஒருமுறை உச்சியிலும் ஒருமுறை அடியிலும் கழித்துப் பார்ப்பது.

குலுக்கிப் போட்டுத் தேடிப் போவது

தொலைந்த எல்லாரையும் தேடப் பணம் பத்தாது. சரி, யாரையுமே தேடாமல் விடவும் வேண்டாம். தொலைந்தவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்களை மட்டும் எப்பாடுபட்டாவது தேடிப் பிடிப்பது. மோரிஸ் ஹேன்சனும் வில்லியம் ஹர்விட்சும் 1946-லேயே இதை எழுதிவிட்டார்கள்: தபாலில் பதில் போடாதவர்களில் ஒரு பங்கினரைக் குலுக்கி எடுத்து நேரில் போய்ப் பார், அவர்களைக் கொண்டு மற்றவர்களைக் கணக்கிடு. அமெரிக்காவில் 1998–99-இல் மழலை வகுப்பிலிருந்து தொடங்கிய பெரிய ஆய்வில், பள்ளி மாறிய குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கி எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். மற்ற பாதியை விட்டார்கள். ஆனால் விட்டது குலுக்கலால், வசதியால் அல்ல. எல்லா வித்தியாசமும் அதில்தான்.

நம் 200 பேரில் 60 பேரைக் குலுக்கி எடுக்கிறோம். அலைந்து திரிந்து 48 பேரைப் பிடிக்கிறோம், அவர்களில் 19 பேர் குள்ளம். 200-க்குக் கணக்கிட்டால் 79. மறுத்தவர்களுக்கு எடை போட்டு வந்த 18-ஐயே வைத்துக்கொள்வோம். 140, 79, 18. மொத்தம் 237, அதாவது 23.7 சதவீதம். 48 பேர் 200 பேருக்காகப் பேசுவதால் பிழையளவு கூடத்தான் செய்யும். ஒவ்வொரு குழந்தையும் நாலு குழந்தையின் பாரம் சுமக்கிறது. கிடைக்காத அந்த 12 பேரும் உறுத்துவார்கள். ஆனால் இப்போது நான் நிற்பது கண்ணால் பார்த்த 48 குழந்தைகளின் மேல். தங்கியவர்கள் போனவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் அல்ல.

தேடிப் போனவர்கள் கண்டது நாம் நினைத்ததற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். தான்சானியாவின் ககேராவில் 1991–94-இல் பார்த்தவர்களை 2004-இல் நாடு முழுக்கத் தேடிப் போனார்கள். ஊரை விட்டு வெளியேறியவர்களின் நுகர்வு, அதே குடும்பத்தில் ஊரிலேயே இருந்தவர்களைவிட 36 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. ஊரில் இருப்பவர்களை மட்டும் பார்த்திருந்தால் வறுமை குறைந்த கதையில் பெரிய பகுதி கண்ணில் பட்டிருக்காது. திருப்பூரை விட்டுப் போன குடும்பம் நொடித்துப் போனதா, சேர்த்த காசில் ஊரில் வீடு கட்டி உட்கார்ந்ததா? எடை போடும் கணக்குக்கு அது தெரியாது.

இந்தோனேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு 1993-இல் தொடங்கி, தீவு தீவாக ஆளைத் தேடிப் போய், பதினான்கு வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு மேல் பிடித்துவிட்டது. பக்கத்து ஆந்திரம், தெலங்கானாவில் 2002-இல் ஒரு வயதுக் குழந்தைகளோடு தொடங்கிய யங் லைவ்ஸ் ஆய்வும் பதினைந்து வருஷம் போல அதே தரத்தைக் காத்தது. முடியாத காரியம் இல்லை.

செலவு? லைன் வீடுகளில் ஒருத்தி ஒரு நாளில் ஐந்தாறு குழந்தை முடித்துவிடுவாள். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரே குழந்தைக்காகப் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். அதனால்தான் குலுக்கல்.

மறுத்தவர்களை இப்படித் துரத்தக் கூடாது. இடம் மாறியவர் நம்மிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, மறுத்தவர் சொல்லிவிட்டார். அதிகபட்சம் வாசலில் நின்றபடி இரண்டு கேள்வி, அளவு நாடா இல்லாமல். அதற்கும் தலையாட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவது. அவர்களுக்கு எடை போட்டுக்கொள்ளட்டும்.

தொலையாமல் பார்த்துக்கொள்வது

மருந்துகளையெல்லாம் ஒப்பிட்டுவிட்டுப் பத்தியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. உள்ளூர்க்காரர்கள் மார்கழியில் வீடு மாற மாட்டார்கள், ஆடியில் மாற மாட்டார்கள். தை பிறந்ததும் மாறுவார்கள், பள்ளி லீவில் மே மாசம் மாறுவார்கள். ஆகவே சுற்றை மார்கழியில் வை. அது நிதியாண்டுக்குத் தோதுப்படாது என்பார்கள். நிதியாண்டுக்காகக் குழந்தை காத்திருக்காது. தீபாவளி, பொங்கலுக்குத் திருப்பூர் காலியாகும்போது இங்கே கதவைத் தட்டிக்கொண்டிருக்காமல், தொலைந்தவர்களை அவர்கள் சொந்த ஊரில் போய்ப் பார். அந்த ஒரு வாரத்தில் மட்டும் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

போன் நம்பர் ஒன்று போதாது. பெரும்பாலும் அது புருஷனுடையது, ரீசார்ஜ் தீர்ந்தால் சிம்மும் மாறும். நான் மூன்று கேட்பேன்: அம்மாவுடையது, வீட்டுக்காரருடையது, குழந்தையின் தாய்மாமனுடையது. மூன்றாவதுதான் தங்கம். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் மடியில் உட்காரவைக்க வேண்டியவர், குழந்தை எந்த ஊரில் எந்தச் சந்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போகாது. அவரிடம் பேசலாமா என்று அம்மாவிடம் முதலிலேயே கேட்டு ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

அப்புறம், எடை மிஷின். குழந்தையை ஆள் பார்க்க நிறுத்துவதுதான் பல அம்மாக்களுக்குக் கசப்பு. "பன்னெண்டரை கிலோ!" என்று நம் ஆள் வாசலில் சத்தமாகச் சொல்ல, பக்கத்து வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, அன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த சுற்றில் அந்தக் கதவு திறக்காது. கண்ணு பட்டுவிட்டது என்பார்கள். உள்ளே கூட்டிப் போய் நிறுத்தி, எண்ணை வாயால் சொல்லாமல் எழுதி, தாளை அம்மாவிடம் மட்டும் காட்டச் சொன்ன பிறகு எங்கள் குழுவுக்கு மறுப்பு குறைந்தது.

என்னிடம் பணத்தைக் கொடுத்து ஒரு ஆய்வை நடத்தச் சொன்னால், களச் செலவில் ஆறில் ஒரு பங்கைத் தேடலுக்கென்று முதல் நாளே பூட்டி வைப்பேன். படிவத்தில் 'கிடைக்கவில்லை' என்ற குறியீடே இருக்காது. வேலைக்காக மாறினார், வாடகைக்காக மாறினார், குழந்தை நோயால் தாய்வீடு போனது, மறுத்தார், இறந்தது, தகவல் சொல்ல ஆளில்லை என்று தனித்தனியாக இருக்கும். எடையும் நிரப்புதலும் அதற்குப் பிறகு, பிரித்துப் பிரித்து.

அனுப்பர்பாளையத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த ஆய்வில் தேடலுக்குப் பணமும் இல்லை, குலுக்கலும் இல்லை. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, ஒரு வரி குறைகிறதே என்று. எட்டாம் வாசலில் அதே வயதில் ஒரு பையன் இருந்தான். ஐந்தாம் வாசல் பெண் குழந்தையின் எண்ணுக்கு நேரே அவன் பெயர் ஏறியது. மேற்பார்வையாளர் கையெழுத்து என்ற இடத்தில் நான்தான் போட்டேன்.